முட்டி வலிக்காத ஆற்றங்கரை நடை: கேள்வியும் பதிலும்

சிங்கப்பூரில் ஆற்றோரமாக, மரம் மட்டை பார்த்துக்கொண்டு சாவகாசமாக நடக்க எங்கே போகலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில். மலையேற்றம் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நான் சமதள ஆள்.

ஈசூன்வாசி: அண்ணே, தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், வயது 68. மால், மெர்லயன் எல்லாம் பார்த்து அலுத்துவிட்டது. "ஒரு ஆறு, ஒரு வரப்பு இல்லையா உங்க ஊர்ல" என்கிறார். எங்கே கூட்டிப்போகட்டும்?

வரப்புக்கு வழியில்லை தம்பி, ஆறும் சேறும் கொக்கும் இருக்கின்றன. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கூட்டிப்போங்கள். ஈசூனிலிருந்து ரயில் மாறாமல் கிராஞ்சி, அங்கிருந்து 925 பஸ். நுழைவுக் கட்டணம் கிடையாது, காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். பாதை முழுக்கச் சமதளம். கடலோரப் பாதையில் போனால் எதிரே ஜொகூர் பாரு கட்டடங்கள் தெரியும், கீழே சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன்கள், மரத்தில் ஏறும் நண்டுகள், நடுவில் ஒரு பெரிய உடும்பு யாரையும் கண்டுகொள்ளாமல் குறுக்கே போகும். அம்மா பிச்சாவரம் பார்த்தவர் என்றால் இந்தச் சதுப்புநிலக் காட்டைப் பார்த்ததும் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார், நீங்கள் வழிகாட்டத் தேவையே இருக்காது. பறவைப் பாதை ஏறக்குறைய 2 கி.மீ. அதை முழுசாக முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பறவை பார்க்கும் மறைவுக்குடில்கள் வழியில் இருக்கின்றன, நிழல், உட்கார இடம் எல்லாம் அங்கேயே. ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் போன காரியம் முடிந்தது.

தெம்பனிஸ் அக்கா: நாங்கள் போனபோது ஒரு பறவையும் இல்லையே! வெறும் சேறுதான் பார்த்தோம். எப்போது போனால் பார்க்கலாம்?

இரண்டு விஷயம். முதலாவது மாதம். சைபீரியா பக்கத்திலிருந்தெல்லாம் வலசை வரும் உள்ளான் வகைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் இங்கே தங்கும். ஜூன் விடுமுறையில் போய்விட்டு ஏமாந்தேன் என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது நேரம், இதைத்தான் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. கடலில் நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் வெளியே சேற்றுத் திட்டுகளில் பரந்து மேய்ந்துகொண்டிருக்கும், நம் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும். நீர் ஏறி அந்தத் திட்டுகள் மூழ்கியதும் ஒதுங்க இடமில்லாமல் கூட்டமாகக் குளங்களுக்கு வந்துவிடும், குடிலுக்கு நேர் எதிரே வந்து நிற்கும். ஆக, கடல் நீர் ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டு, உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். காலை 9 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பிறகோ ஏற்றம் வரும் நாளாகப் பார்த்தால் வெயிலும் தப்பும். நம் ஊரில் ஒரு நடை சுலபமா கஷ்டமா என்பதைக் கிலோமீட்டர் முடிவு செய்வதில்லை அக்கா, வெயிலும் நேரமும்தான் முடிவு செய்கின்றன.

பயந்த சுபாவம்: அங்கே முதலை இருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. உவர்நீர் முதலை. பெரிய பாலத்தின் மேல் நின்றால் ஆற்றில் மிதப்பதையோ கரையில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பதையோ பலரும் பார்த்திருக்கிறார்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், தண்ணீர் ஓரத்தில் குந்திக்கொண்டு படம் எடுக்காதீர்கள். பாதையிலேயே எதிர்ப்பட்டால் நின்று, மெதுவாகப் பின்னால் நகருங்கள், கல் குச்சி எறிகிற வீரமெல்லாம் வேண்டாம். பாதி "முதலைகள்" உடும்பாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

பொங்கோல் அப்பா: தள்ளுவண்டியில் ஒன்று, ஓடுகிற வயதில் ஒன்று. கிராஞ்சி வரை போக முடியாது. பக்கத்தில் ஏதாவது?

பீஷான் - அங் மோ கியோ பூங்கா. காலாங் ஆறுதான் அங்கே ஓடுகிறது. முன்பு அது 2.7 கி.மீ. நேர்க்கோடாகப் போன கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளிந்து போகும் 3.2 கி.மீ. ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கரைக்கு வேலி கிடையாது, புல் சரிவாக இறங்கித் தண்ணீரைத் தொடும், நடுவே கல் படிகளில் தாவி அக்கரை போகலாம், பெரியவனுக்கு அது ஒன்றே போதும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் வரும். வந்தால் தள்ளி நின்று பாருங்கள், குட்டியோடு இருந்தால் அவை சும்மா விடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மழை வந்தால் இந்த ஆறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும், பக்கத்துப் புல்வெளியெல்லாம் தண்ணீருக்கென்றே விடப்பட்ட இடம். விளக்கு மின்னி, சைரன் ஒலித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் விளையாடட்டுமே என்ற பேச்சே கூடாது.

நிழல் தேடுபவர்: ரயில் பாதை நடை நல்லது என்கிறார்களே?

நல்லதுதான், ஆனால் 24 கி.மீ. என்று கேட்டதும் மயங்கிவிடாதீர்கள். 2011 ஜூன் 30 வரை மலாயா ரயில் ஓடிய தடம், அதனால் ஏற்றம் இறக்கமே கிடையாது, மூட்டு வலிக்காரர்களுக்கு அது பெரிய வரம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டு, ஹில்வியூ பக்கம் இருக்கும் இரண்டாவது இரும்புப் பாலம் வரை நடந்தால் போதும். மற்ற பகுதிகளில் சில இடங்களில் நிழலே இல்லை, மதியம் 12 மணிக்குப் போய்விட்டு என்னைத் திட்டக் கூடாது.

ஜூரோங் மாணவன்: அண்ணா, நண்பர்கள் 5 பேர், கையில் காசு கம்மி. உபின் தீவு போகலாமா?

தாராளமாக. 2 அல்லது 29 பஸ்ஸில் சாங்கி வில்லேஜ், அங்கிருந்து பம்போட் என்கிற சிறு மோட்டார் படகு, தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். நீங்கள் 5 பேர், மீதி 7 பேருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வார இறுதியில் சீக்கிரம் சேர்ந்துவிடும், வார நாளில் கொஞ்சம் பொறுமை வேண்டும். தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் செக் ஜாவா சதுப்புநிலத்தின் பலகைப் பாதை கட்டாயம் பாருங்கள். அங்கே மட்டும் சுங்கை பூலோவுக்கு நேர்மாறு: நீர் நன்றாக வற்றும் நேரம்தான் சரி, அப்போதுதான் கடற்புல்லும் நண்டும் தெரியும். 2001 டிசம்பரில் அந்தக் கரையைத் தூர்க்கும் திட்டத்தை அரசாங்கம் ஒத்திவைத்திராவிட்டால் இன்று பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது. படகுத்துறையிலிருந்து அங்கே நடை நீளம், வாடகை சைக்கிள் எடுங்கள். காட்டுப்பன்றி வந்தால் பிளாஸ்டிக் பையை மறைத்துவிடுங்கள், சத்தம் கேட்டாலே சாப்பாடு என்று நினைத்துக்கொள்ளும்.

உட்லண்ட்ஸ் தாத்தா: குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால் என்ன தப்பு? அனுமார் அல்லவா!

ஐயா, அனுமாருக்குக் கோயிலில் வடைமாலை சாத்துங்கள். இங்கே காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம்.

செங்காங் ஐடி: எந்த மாதத்தில் மழை தொல்லை குறைவு?

பிப்ரவரி. பொதுவாக மழை குறைவான மாதம், பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை அடை மழைக்குத் தயாராகப் போங்கள். மற்ற மாதங்களில் பிற்பகல் இடிதான் பிரச்சினை, ஆகவே காலை 7 மணிக்கு இறங்கி 10 மணிக்குள் பரோட்டாக் கடைக்கு வந்துவிடுவது உத்தமம். சில நாள் விடியற்காலையிலேயே சுமத்ரா காற்று (சுமத்ரா தீவுப் பக்கமிருந்து மழையோடு வரும் பலத்த காற்று) அடித்து ஊற்றும், அன்று மட்டும் வீட்டில் தூங்குங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: செருப்புப் போட்டுக்கொண்டு போகலாமா?

பீஷான் என்றால் சரி. கிராஞ்சிப் பக்கம் கொசு கணுக்காலைத்தான் தேடும், மூடிய காலணியும் நீளக் கால்சட்டையும் போடுங்கள், கொசு மருந்தை வீட்டிலேயே தடவிவிட்டுக் கிளம்புங்கள்.