விளம்பரத்தில் அடையாளத் தொடர்ச்சி என்றால் என்ன? சிறிய கடைக்கும் அது தேவையா?

விளம்பரத்தின் செய்தி எத்தனை முறை மாறினாலும், பார்த்தவுடன் இன்னாருடையது என்று தெரிவிக்கும் உருவம், நிறம், பேச்சுநடை ஆகியவற்றை மாற்றாமல் காப்பதே அடையாளத் தொடர்ச்சியாகும். சிறிய கடைக்கும் அது தேவை.

அமுல் வெண்ணெயின் விளம்பரத்தில் 1966-இல் அறிமுகமான, புள்ளி போட்ட கவுன் அணிந்த சிறுமி இன்றும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் இருக்கிறாள். அவள் பேசும் செய்தி மட்டும் கிரிக்கெட், தேர்தல், திரைப்படம் என நாட்டுநடப்பை ஒட்டி மாறுகிறது. விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அன்றே வாங்கப்போவதில்லை என்பதும், பின்னொரு நாள் தேவை எழும்போது நினைவுக்கு வரும் பெயரையே அவர்கள் நாடுவார்கள் என்பதுமே இதன் அடிப்படைக் காரணம். தோற்றத்தை அடிக்கடி மாற்றினால் அந்த நினைவு சேர்வதற்கே இடமில்லை.

பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், விலாசம் எனப்பட்ட குடும்ப அடையாளத்தோடு இதை ஒப்பிடலாம்: முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அந்த விலாசத்தைக் கண்டதும், எதிரில் நிற்பவர் புதியவரானாலும், அவர் எந்தக் குடும்பத்தின் பொறுப்பில் வருகிறார் என்பது வணிகர்களுக்கு விளங்கியது.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்பவருக்கு இதில் பெரும் வசதி உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அச்சேலையின் பெரிய கட்டங்களையும் செங்கல் சிவப்பையும் பெயர்ப்பலகை, பை, ரசீது அனைத்திலும் பயன்படுத்தலாம், பெருஞ்செலவும் ஆகாது.

தொடர்ச்சி என்பது ஒரே விளம்பரத்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அடையாளம் நிலையாக இருப்பதால்தான் செய்தியைத் துணிந்து புதுப்பிக்க முடிகிறது.