பயிற்சிக்கு எல்லோரும் வந்தார்கள், மூடுலை மட்டும் யாரும் திறக்கவில்லை

கேள்வி: பாடக் குறிப்பு, அசைன்மென்ட், குவிஸ் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்துவதற்கான மென்பொருள் மூடுல். எங்கள் கல்லூரியின் மூடுல் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் கணினித் துறை ஆசிரியர். இரண்டு நாள் பயிற்சி நடத்தினேன், கிட்டத்தட்ட எல்லா ஆசிரியர்களும் வந்தார்கள். இப்போது நாலைந்து பேரைத் தவிர யாரும் தளத்தின் பக்கமே வருவதில்லை. வருகிறவர்களும் ‘வீடியோ ஏறமாட்டேன் என்கிறது’, ‘மாணவர்களுக்குத் தெரியவில்லையாம்’ என்று இரவில்கூட அழைக்கிறார்கள். மூத்த பேராசிரியர்கள் ‘இந்த வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம்’ என்று ஒதுங்கிவிட்டார்கள். இன்னொரு பயிற்சி நடத்தலாமா?

பதில்: வேண்டாம். இன்னொரு பயிற்சிக்கும் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள்.

உங்கள் பயிற்சி மோசமாக இருந்திருக்கும் என்று சொல்லவில்லை. பொதுவாக இந்தப் பயிற்சிகளில் மெனு மெனுவாகக் காட்டிக்கொண்டு போவோம். இது ஃபோரம், இது அசைன்மென்ட், இது குவிஸ், இது கிரேடு புக். கேட்கிறவருக்கு அன்றைக்கு அதில் எதுவும் தேவைப்படாது. மூன்று வாரம் கழித்து அசைன்மென்ட் வாங்க வேண்டிய நாள் வரும்போது எல்லாம் மறந்திருக்கும். மூடுலில் ஓர் அசைன்மென்டை உருவாக்கும் பக்கத்தைத் திறந்தாலே கீழே கீழே போய்க்கொண்டிருக்கும் கட்டங்கள். எதைத் தொட்டால் எது கெடும் என்று தெரியாது. மாணவர்கள் முன்னால் தடுமாறி நிற்பதைவிடப் பழைய வழியே மேல் என்று அவர் முடிவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

அதனால் மென்பொருளைக் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஆளுக்கு ஒரு வேலையை மட்டும் சுலபமாக்கிக் கொடுங்கள். ஆசிரியரிடம் போய், ‘இந்த வாரம் எந்த வேலை உங்கள் நேரத்தைத் தின்கிறது?’ என்று கேளுங்கள். ஒருவர், ‘அசைன்மென்ட் பாதி வாட்ஸ்அப்பில் வருகிறது, பாதி மெயிலில் வருகிறது, யார் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை’ என்பார். இன்னொருவர், ஒரே குறிப்பை ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருப்பார். அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய இடத்தில், அவருடைய பாடத்தில், அந்த வேலை வரும் நாளுக்கு முன்னால் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். மவுஸ் அவர் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கிச் செய்தால் இரண்டு நிமிடத்தில் முடியும்தான், ஆனால் அடுத்த முறையும் உங்களைத்தான் கூப்பிடுவார்.

இதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மாதிரிப் பாடம் ஒன்றைத் தயாரித்துவிடுங்கள். அலகுகளுக்குத் தலைப்பு, அறிவிப்புகளுக்கு ஒரு ஃபோரம், அமைப்புகளைச் சரியாக வைத்த ஓர் அசைன்மென்ட், ஒரு சிறிய குவிஸ், அவ்வளவு போதும். மூடுலில் ‘இம்போர்ட்’ வசதியால் அதை ஒவ்வொரு ஆசிரியரின் பாடத்துக்குள்ளும் கொண்டுவந்துவிடலாம். மாணவர் விவரங்கள் எதுவும் கூடவே வராது. தலைப்பையும் தேதியையும் மாற்றுவதுதான் ஆசிரியரின் வேலை. வெறும் பக்கத்தைப் பார்த்து மலைப்பதைவிட, இருப்பதைத் திருத்துவது யாருக்கும் எளிது.

மாதிரியில் சில இடங்களை நீங்களே கவனமாக அமைத்துவிட்டால், உங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி நின்றுவிடும். முதலில் அசைன்மென்ட் தேதிகள். ‘டியூ டேட்’ முடிந்தாலும் மூடுல் கதவை மூடாது. தாமதம் என்று குறித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும். உண்மையில் நிறுத்துவது ‘கட்-ஆஃப் டேட்’. இது தெரியாததால் ‘தேதி முடிந்தும் எப்படி அனுப்பினான்?’ என்று மாணவனோடு சண்டை வருகிறது.

அடுத்தது குவிஸ். 30 நிமிட நேர வரம்பு வைத்து, பத்தரை மணிக்கு மூடும்படி அமைத்திருந்தால், பத்தேகாலுக்குத் தொடங்கிய மாணவருக்கு 15 நிமிடம்தான் கிடைக்கும். மூடும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ‘ரிவ்யூ ஆப்ஷன்ஸ்’ பகுதி இன்னும் ஆபத்தானது. குவிஸ் திறந்திருக்கும்போதே சரியான விடை தெரியும்படி அங்கே டிக் இருந்தால், முதலில் முடித்தவர் மற்றவர்களுக்கு விடைத்தாளே அனுப்பிவிடுவார். விடைகளை ‘குவிஸ் மூடிய பிறகு’ மட்டும் காட்டும்படி மாதிரியிலேயே வைத்துவிடுங்கள்.

‘மாணவர்களுக்குத் தெரியவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று, அந்தப் பகுதியோ பாடமோ மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆசிரியரின் திரையில் அது கொஞ்சம் மங்கலாகத் தெரியும், மாணவருக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று, கூகுள் டிரைவ் லிங்க். டிரைவில் ஒரு கோப்பு இயல்பாகவே உரிமையாளருக்கு மட்டும்தான் திறக்கும். அனுமதியை மாற்றாமல் லிங்கை ஒட்டினால் வகுப்பு முழுவதிடமிருந்தும் ஆசிரியருக்கு ‘அனுமதி வேண்டும்’ என்ற மெயில் வந்து குவியும். மூடுலில் ‘ஸ்விட்ச் ரோல்’ போய் மாணவராக மாறிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே கற்றுக்கொடுங்கள். ஆனால் டிரைவ் அனுமதி அதில் பிடிபடாது. அந்த லிங்கைப் பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. கல்லூரிக் கணக்குகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தால், அந்த ஜன்னலில் ஒரு மாணவர் கணக்கால் நுழைந்து பார்க்க வேண்டும்.

வீடியோவுக்கு வருவோம், உங்களை அதிகம் படுத்துவது இதுவாகத்தான் இருக்கும். வீடியோக் கோப்பை மூடுலுக்குள் ஏற்றவே வேண்டாம். மூடுல் இயங்கும் பிஎச்பி மென்பொருளில் யாரும் மாற்றாமல் விட்டால் கோப்பு வரம்பு வெறும் 2 எம்பி. சர்வரைப் பார்ப்பவரிடம் சொல்லி உயர்த்தலாம்தான். ஆனால் வினாடிக்கு 1 மெகாபிட் என்று சுமாரான தரத்தில் பதிவு செய்தாலும் ஒரு மணி நேர வகுப்பு 450 எம்பி வரும். இடம் நிறையும், பேக்கப் எடுக்கும்போது திணறும். அதைவிட முக்கியம், நெட் மெதுவாக உள்ள மாணவருக்குத் தரத்தைக் குறைத்துப் பார்க்க வழியே இருக்காது. யூடியூப் போன்ற தளங்கள் நெட் வேகத்துக்கு ஏற்பத் தரத்தைத் தாங்களே மாற்றிக்கொள்கின்றன. அங்கே ‘அன்லிஸ்டட்’ என்று ஏற்றிவிட்டு, லிங்கை மட்டும் மூடுலில் ஒட்டினால் போதும்.

‘பிரைவேட்’ என்று வைத்தால், ஏற்றியவரும் அவர் மெயில் வழியாகத் தனியாக அழைத்தவர்களும் மட்டும்தான் பார்க்க முடியும். இரவு அழைப்புகளில் பாதி இதனாலேயே வரும். அன்லிஸ்டட் வீடியோ தேடலில் வராது, ஆனால் லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். மாணவர்களின் முகமோ மதிப்பெண்ணோ தெரியும் பதிவை அங்கே போடாதீர்கள். புதிய யூடியூப் கணக்கில் போன் எண்ணைச் சரிபார்க்காத வரை 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது என்பதையும் சொல்லிவையுங்கள். கணக்கு துறையின் பெயரில் இருக்கட்டும். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் வேறு கல்லூரிக்குப் போகும்போது பாடங்களும் கூடவே போய்விடும்.

எவ்வளவு நீளம்? ஃபிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் மூவரும், இணையவழிப் பாடங்கள் நடத்தும் எட்எக்ஸ் தளத்தின் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து 2014ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. விருப்பத்தின் பேரில் இலவசப் பாடத்தில் சேர்ந்தவர்களைப் பற்றிய கணக்கு இது. தேர்வு நெருங்கும்போது உங்கள் மாணவர்கள் ஒரு மணி நேரமும் உட்கார்ந்து பார்க்கலாம். அதனால் முழு வகுப்பையும் பதிவு செய்வது தவறு என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வீடியோவின் விளக்கப் பகுதியில் 0:00 என்று தொடங்கி, எந்த நிமிடத்தில் எந்தத் தலைப்பு என்று மூன்று வரிகளாவது எழுதச் சொல்லுங்கள். யூடியூப் அதைத் தானே அத்தியாயங்களாகப் பிரித்துவிடும். புதிதாகப் பதிவு செய்கிறவர்களிடம் மட்டும் ஒரு வீடியோவுக்கு ஒரே கேள்வி என்று சொல்லுங்கள்.

அதே ஆய்வில், வெறும் ஸ்லைடைக் காட்டிப் பேசுவதைவிடக் கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோக்களை மாணவர்கள் அதிக நேரம் பார்த்ததும் தெரிந்தது. உங்கள் மூத்த பேராசிரியர்களுக்கு இது நல்ல செய்தி. கரும்பலகையில் முப்பது வருடம் எழுதியவருக்கு ஸ்லைடு எதற்கு? மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாள், அதற்கு மேலே ஸ்டாண்டில் கீழ்நோக்கி ஒரு செல்போன், தடித்த பேனா. வழக்கம்போல எழுதிக்கொண்டே பேசட்டும். முகம் தெரிய வேண்டியதில்லை என்றால் கூச்சமும் பாதி போய்விடும்.

கேமராவுக்குப் பணம் கேட்காதீர்கள். படம் சுமாராக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார், குரல் எதிரொலித்தால் உடனே மூடிவிடுவார். போனோடு வந்த இயர்போனின் மைக்கே போதும். லேப்டாப் மைக் தூரத்திலிருந்து பிடிப்பதைவிட வாய்க்குப் பக்கத்தில் இருப்பது எவ்வளவோ மேல். ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யட்டும்.

நேரலை வகுப்பில் சிக்கல்கள் குறைவு. ஜூமில் திரையைப் பகிரும்போது ‘ஷேர் சவுண்ட்’ டிக் செய்யாவிட்டால் நீங்கள் போடும் வீடியோவின் ஒலி மாணவர்களுக்குக் கேட்காது. கூகுள் மீட்டில் முழுத் திரைக்குப் பதிலாக அந்த டேபை மட்டும் பகிர்ந்தால் ஒலியும் போகும். இலவச ஜூம் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கணினியிலேயே பதிவு செய்திருந்தால், வகுப்பு முடிந்ததும் ஜூம் அதை எம்பி4 கோப்பாக மாற்றும். அது முடியும்வரை லேப்டாப்பை மூடக் கூடாது. ‘ரெக்கார்டிங் காணோம்’ என்று வரும் புகார்களில் பல இங்கே பிறந்தவை.

சரி, இரவு அழைப்புகள். தினமும் ஒரு நேரம் குறித்து, அப்போது இந்த இடத்தில் இருப்பேன் என்று அறிவித்துவிடுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால் எதுவும் புரியாது. எந்தப் பாடம், எதை அழுத்தினீர்கள், திரையில் என்ன வந்தது என்று கேட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அது அவர்களுடைய தவறு இல்லை, மாதிரிப் பாடத்தில் திருத்த வேண்டியது ஏதோ இருக்கிறது. முதல்வரிடம் இதற்கென்று வாரத்தில் சில பாடவேளைகள் குறைத்துக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், இது முழுநேர வேலை அளவுக்கு வளரக்கூடியது.

சிலர் பாஸ்வேர்டையே கொடுத்து ‘நீயே பார்த்துப் போட்டுடுப்பா’ என்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள். மதிப்பெண் சம்பந்தப்பட்ட கணக்கு அது. பின்னால் ஏதாவது மாறியிருந்தால் உங்கள் பெயர்தான் அடிபடும். உதவியாளர் வைத்துக்கொள்ள விரும்பினால் மூடுலில் ‘நான்-எடிட்டிங் டீச்சர்’ என்ற பொறுப்பு இருக்கிறது. அதில் திருத்தி மதிப்பெண் போடலாம், பாடத்தின் அமைப்பை மாற்ற முடியாது. ஆராய்ச்சி மாணவர் ஒருவரை அப்படிச் சேர்த்துக்கொண்டால் ஒதுங்கி நிற்கும் பேராசிரியர்களில் சிலர் வருவார்கள். வராதவர்களை இந்த செமஸ்டர் விட்டுவிடுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் அசைன்மென்ட் கட்டைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருப்பதைப் பார்த்துத் தானாக வருகிறவர்கள் உண்டு.

மதிப்பெண்ணுக்கான குவிஸை முதன்முதலாக நடத்தப்போகிறவர் யாராக இருந்தாலும், ஒரு வாரம் முன்பே இரண்டே கேள்விகளோடு மதிப்பெண் இல்லாத ஒத்திகை ஒன்றை அதே வகுப்புக்கு வைக்கச் சொல்லுங்கள். யாருக்கு லாகின் ஆகவில்லை, யார் போனில் படம் தெரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒத்திகைக்குத் தனி குவிஸ் போடுங்கள். மாணவர் ஒருவர் எழுதத் தொடங்கிவிட்டாலே அந்த குவிஸில் கேள்வியைச் சேர்க்கவோ நீக்கவோ மூடுல் விடாது. அந்தப் பதிவுகளை அழித்த பிறகுதான் விடும்.