பட்டமளிப்பு விருந்து மேசையின் நடுவில் வைக்க, சிங்கப்பூர் வெயிலைத் தாங்கும் இனிப்பை வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். கேக்கை விட்டுவிட்டு அகர் அகர் செய்யுங்கள். ஊரில் கடல்பாசி, சைனா கிராஸ் என்றெல்லாம் சொல்வார்களே, அதுதான். நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்துத்தான் சொல்கிறேன். ஜூலையில் மகனுக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு. அன்று மாலை உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்பது பேருக்கு விருந்து. சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்கள் வருகிறார்கள், மகனின் மலாய் நண்பர்களும் வருகிறார்கள். கீழ்த்தளத்தில் மின்விசிறி மட்டும்தான். இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு இனிப்பு தோன்றவில்லை.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே பிற்பகலில் 31, 32 டிகிரி சாதாரணம். 2023 மே 13ஆம் தேதி ஆங் மோ கியோவில் 37 டிகிரி வரை போனது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் பட்டர் க்ரீம் பூசிய கேக் கீழ்த்தளத்தில் ஒரு மணி நேரம் நின்றால் ஓரமெல்லாம் சரியத் தொடங்கும். ஃபாண்டண்ட் என்னும் சர்க்கரைப் பூச்சுக்கு எதிரி வெயிலைவிட நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம்தான். ஈரத்தை இழுத்துக்கொண்டு மேல்பாகம் பிசுபிசுத்துவிடும். ஜெலட்டினில் செய்த ஜெல்லியும் 30, 35 டிகிரியில் இளகிவிடும். அகர் அகர் அப்படியில்லை. ஏறத்தாழ 35, 40 டிகிரிக்கு இறங்கும்போது உறையும், உறைந்த பிறகு 85 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால்தான் மறுபடி உருகும். நம் வெயில் அதை ஒன்றும் செய்யாது. உறைவதற்குக் குளிர்பெட்டிகூட வேண்டாம், அடுப்பு மேடையிலேயே உறைந்துவிடும்.

இரண்டாவது, யார் யார் சாப்பிடலாம் என்பது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். விருந்தின் நடுவில் இருக்கும் இனிப்பை ஒருவர் தொட முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரும். மார்ஷ்மெல்லோவில் அது இருக்கும், கடையில் வாங்கும் சில ஃபாண்டண்ட்களிலும் இருக்கும். அகர் அகர் கடலில் விளையும் பாசியிலிருந்து எடுப்பது. சைவக்காரர்களுக்கும் சரி, முஸ்லிம் நண்பர்களுக்கும் சரி, கேள்வியே எழாது. அதோடு சேர்க்கும் மற்றப் பொருள்களில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். முட்டையும் இல்லை, மாவும் இல்லை.

என் அக்கா மகள் உயிரியல் படித்து முடித்தபோது நானும் இதைத்தான் செய்தேன். அவளுக்குப் பொருத்தமாக இன்னொரு காரணமும் இருந்தது. கிருமிகளை வளர்க்க ஆய்வுக்கூடத் தட்டில் ஊற்றுவதும் இதே அகர்தான். 1881இல் வால்டர் ஹெஸ்ஸ என்பவர் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அவருடைய ஜெலட்டின் தட்டுகள் வெப்பத்தில் உருகி வீணாகிக்கொண்டே இருந்தன. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸதான் அகரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னார். வீட்டில் ஜெல்லி செய்ய அவர் அதைப் பயன்படுத்தி வந்தவர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஓர் அண்டை வீட்டாரிடமிருந்து கற்றுக்கொண்டது. நம் பக்கத்துச் சமையலறைக் கைப்பக்குவம் ஒன்று அப்படித்தான் மருத்துவ உலகத்துக்குள் போனது. இதை விருந்தில் சொன்னபோது அவளுடைய தோழிகள் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

சரி, வடிவத்துக்கு வருவோம். சதுரமான அடுக்கு அகர் ஒன்று அடியில், அதன்மேல் பட்டமளிப்புத் தொப்பி. இவ்வளவு போதும். அடிப்பகுதிக்கு 23 செ.மீ. சதுரத் தகர அச்சு, 5 செ.மீ. உயரம் வரை ஊற்றினால் ஏறத்தாழ 2.6 லிட்டர் பிடிக்கும். தொப்பியின் தலைப்பகுதிக்கு 15 செ.மீ. வட்டத் தகரம், அதே 5 செ.மீ. உயரம், 900 மி.லி. மேலே மூடும் சதுரப் பலகைக்கு 18 செ.மீ. தகரத்தில் ஒன்றரை செ.மீ. கனம், அரை லிட்டர். எல்லாம் சேர்ந்து நாலு லிட்டர், ஆளுக்கு நூறு கிராம் வீதம் நாற்பது பேருக்குச் சரியாக வரும். பலகையை 18 செ.மீ.க்கு மேல் போகவிடாதீர்கள். மூலைகள் வெளியே அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால் தொங்கி, விரிசல் விடும்.

அகர் தூள் லிட்டருக்கு 10 கிராம். பலகைக்கு மட்டும் அரை லிட்டருக்கு 7 கிராம் போடுங்கள், அது கெட்டியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் தூளும் கொஞ்சம் வேறுபடும். அதனால் முதலில் ஒரு கிண்ணம் செய்து பாருங்கள். சர்க்கரை லிட்டருக்கு 130 கிராம். சூடாக ருசி பார்க்கும்போது இனிப்பு ஒரு படி தூக்கலாக இருக்கட்டும், குளிர்ந்ததும் குறைந்து தெரியும்.

தொப்பி கறுப்பாக வேண்டும் அல்லவா? அதற்குச் சாயம் தேடிப் போகாதீர்கள். கோப்பித் தூளைத் துணி வடிகட்டியில் போட்டு, கடுங்கோப்பியாக இறக்குங்கள். சர்க்கரைக்குப் பதில் குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லம் சேருங்கள். அந்த வெல்லத்தின் நிறமும் சேர்ந்துகொண்டு, உறைந்ததும் கறுப்பாகவே தெரியும். ருசியோ, கோப்பிக் கடையில் உட்கார்ந்து குடிக்கும், பால் சேர்க்காத கோப்பி ஓ தான்! பெரியவர்கள் இந்தப் பகுதியைத்தான் கேட்டு வாங்குவார்கள். பிள்ளைகளுக்கு அடியில் இருக்கும் அடுக்குகளைக் கொடுத்துவிடலாம்.

அடிப்பகுதிக்குப் பல்கலைக்கழகத்தின் நிறங்களையே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகன் படித்த இடத்துக்கு ஆரஞ்சும் நீலமும். நீலத்துக்குக் காய்ந்த சங்குப்பூ ஒரு கைப்பிடி. வெந்நீரில் ஊறப்போட்டு வடிகட்டினால் கண்ணாடிபோல் தெளிந்த நீலம் வரும். அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, ஊதாவாக மாறிவிடும். ஆரஞ்சுக்கு மாம்பழ விழுதும் கொஞ்சம் கேரட் சாறும். இரண்டுக்கும் நடுவே வெள்ளைக்குத் தேங்காய்ப்பால். ஆக நீலம், வெள்ளை, ஆரஞ்சு, வெள்ளை என்று நாலு அடுக்கு, ஒவ்வொன்றும் 650 மி.லி. தகரத்தில் முதலில் ஊற்றுவதுதான் கவிழ்த்ததும் மேலே வரும், அதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இனி அடுப்பு வேலை. தூளைக் குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கி, அப்புறம் அடுப்பை மூட்டுங்கள். கொதிக்கிற நீரில் கொட்டினால் கட்டி பிடிக்கும். நன்றாகக் கொதித்து, கரண்டியில் எடுத்துப் பார்த்தால் மணல்போல் எதுவும் தெரியாத வரை கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். அகர் முழுக்கக் கரைந்த பிறகுதான் சர்க்கரை. முதலிலேயே போட்டால் அகர் சரியாகக் கரையாது. மாம்பழ விழுதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றக்கூடாது, அகர் அங்கேயே திட்டுத்திட்டாக உறைந்துவிடும். இன்னொரு சட்டியில் வெதுவெதுப்பாக்கிச் சேருங்கள்.

தேங்காய்ப்பாலுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. ஓர் அடுக்குக்கு 350 மி.லி. நீரில் அகரைக் கரைத்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, தீயைக் குறைத்த பிறகு 300 மி.லி. கெட்டிப்பாலை மெல்ல ஊற்றுங்கள். ஓரத்தில் குமிழ் வந்ததும் அணைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். தேக்கா சந்தையில் கண்ணெதிரே துருவிப் பிழிந்து கொடுக்கும் பால் கிடைத்தால் அதுவே வாங்குங்கள். பெட்டிப் பாலிலும் செய்யலாம், ஆனால் மணம் அந்த அளவுக்கு வராது.

அடுக்கு ஒன்றோடொன்று ஒட்டுவதில்தான் எல்லாமே இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக், அதாவது மலாய் அம்மா, நோன்புப் பெருநாளுக்குத் தட்டுத் தட்டாக அகர் செய்பவர். இதை அவர்தான் எனக்குக் கையைப் பிடித்துக் காட்டினார். ஊற்றிய அடுக்கின் மேல் விரல் நுனியை மெதுவாக வைக்க வேண்டும். விரலில் ஒட்டக் கூடாது, அதே நேரத்தில் தகரத்தை லேசாக ஆட்டினால் உள்ளே தளதளவென்று அசைய வேண்டும். மேலே தோல் கட்டியிருக்கிறது, உள்ளே இன்னும் சூடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அடுத்த அடுக்கை ஊற்ற வேண்டும். முன்னதாகப் போனால் இரண்டு நிறமும் கலக்கும். தாமதமானால் கீழே இருப்பது முழுக்கக் குளிர்ந்துபோய், வெட்டும்போது அடுக்குகள் தனித்தனியாக வழுக்கி வரும். அப்படிக் குளிர்ந்துவிட்டால் முள்கரண்டியால் மேலே கோடு கோடாகக் கீறிவிட்டு ஊற்றுங்கள், பிடித்துக்கொள்ளும். ஊற்றும்போது நேரே சட்டியைச் சாய்க்காதீர்கள். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் வழியவிட்டால் கீழே குழி விழாது. காத்திருக்கும் கலவைகளைச் சிறு தீயில் வைத்திருங்கள். ஒன்று உறைந்துபோனாலும் பயமில்லை, மறுபடி சூடாக்கினால் கரைந்துவிடும். ஆனால் தேங்காய்ப்பால் கலவையை அதிகம் சூடாக்க முடியாது என்பதால் அதை மட்டும் அவ்வப்போது கலக்குவது நல்லது.

தகரத்துக்கு எண்ணெய் தடவ வேண்டாம், தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே ஊற்றலாம். மேலே நிற்கும் நுரையை உடனே கரண்டியால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெண்புள்ளியாக உறைந்து நிற்கும்.

தொப்பியின் குஞ்சத்துக்கு மாம்பழக் கலவையில் கொஞ்சம் தனியே எடுத்து, தட்டில் 3 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, உறைந்ததும் கத்தியால் நூல் நூலாக வெட்டுங்கள். பலகையின் நடுவில் ஒரு கறுப்புத் திராட்சை, அதிலிருந்து ஓரத்துக்கு நாலைந்து இழை, தொங்கும் முனையில் ஒரு கொத்து. நேரமும் வெயிலும் இருந்தால் அகர் அகர் கெரிங் செய்து சுற்றிலும் தூவலாம். சர்க்கரையை நிறையப் போட்டுக் காய்ச்சி உறையவைத்து, துண்டு போட்டுச் சில நாள் காயவிடுவது. வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே மெத்தென்று இருக்கும். மலாய் நண்பர்களுக்கு அது பெருநாள் ருசி.

விருந்துக்கு முந்தின நாள் மூன்று தகரங்களையும் ஊற்றி முடித்து, ஆறிய பிறகு மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் வீட்டிலேயே அடுக்கித் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் இறங்க வேண்டாம். நாலு கிலோவுக்கு மேல் கனம், அது ஆடும். தகரத்தோடேயே கீழே கொண்டுபோய் மேசையில் அடுக்குங்கள். விளிம்பு உள்ள பெரிய தட்டு வேண்டும், ஏனென்றால் அகர் நேரம் போகப் போகக் கொஞ்சம் நீர் விடும். தட்டின் ஓரத்தைப் பாண்டான் இலையால் சுற்றிவிட்டால் அந்த நீர் தெரியாது, பார்க்கவும் அழகு. தட்டை முதலில் ஈரமாக்கிக்கொள்ளுங்கள். கவிழ்த்தது ஒரு பக்கமாக விழுந்தாலும் மெல்லத் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். கவிழ்க்கும் முன் ஓரத்தை நாலு பக்கமும் விரலால் உள்பக்கம் லேசாக இழுங்கள், காற்று உள்ளே போனதும் தானாகக் கழன்றுவிடும். தொப்பியின் இரண்டு பாகத்தையும் ஒட்ட ஒரு கரண்டி சூடான கோப்பி அகர் போதும். பல்குச்சி எதுவும் குத்தாதீர்கள், பிள்ளைகள் சாப்பிடும் பண்டம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. வெயிலில் அகர் உருகாதே தவிர, தேங்காய்ப்பால் கெட்டுப்போகும். அதனால் விருந்தினர் வந்து சேரும் நேரத்தை ஒட்டிக் கீழே கொண்டு போங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வெட்டிக் கொடுத்துவிடுவது நல்லது. படம் எடுப்பதெல்லாம் முதல் அரை மணியிலேயே முடியட்டும். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினால் அடுக்கு கலையாமல் வரும். தொப்பியை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடிப்பகுதியைப் பக்கத்துக்கு ஆறு என்று வெட்டினால் முப்பத்தாறு துண்டு. தொப்பியில் முதல் துண்டு மகனுக்கு.

கூடவே ஒரு தட்டு லட்டும் வாங்கி வையுங்கள். நம் பெரியவர்களில் சிலருக்கு நெய் மணக்கும் இனிப்பு இல்லாமல் நல்ல காரியம் நிறைவாக இருக்காது. லிட்டில் இந்தியாவில் அன்று காலையே வாங்கிக்கொள்ளலாம். அதையும் வீட்டில் செய்து உங்களைக் களைப்பாக்கிக்கொள்ளாதீர்கள்.