வேதம் சொல்வதும் வழக்கம் சொல்வதும்: இளம்பெண்களின் கேள்விகளுக்குப் பதில்

திருச்சபைகளின் வாலிபப் பெண்களும் அவர்களுடைய தாய்மாரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. வேதாகமம் முழுவதும் தேவனுடைய வார்த்தை என்றும், உடலுறவு திருமணத்துக்குள் மட்டுமே உரியது என்றும், குடும்பத்தில் கணவனுக்குத் தலைமைப் பொறுப்பு உண்டு என்றும் நம்புகிறவள் நான். இதைப் பழமைவாதம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வேதத்தின் பெயரால் நம் பெண்பிள்ளைகளிடம் சொல்லப்படுவதில் கணிசமான பகுதி ஊர் வழக்கமே என்பதையும், அது வேத வசனத்துக்கு முன்னால் நிற்காது என்பதையும் அதே நம்பிக்கையோடுதான் சொல்கிறேன்.

கேள்வி: ஸ்தோத்திரம் அம்மா. எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை ஊழியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்குச் செய்வதைச் செய்யுங்கள்" என்றவர்கள், நிச்சயதார்த்தம் முடிந்தபின் ஐம்பது பவுனும் காரும் எதிர்பார்ப்பதாகத் தரகர் மூலம் சொல்லியனுப்புகிறார்கள். அப்பா நிலத்தை விற்கப் பார்க்கிறார். "ஜெபித்து வந்த சம்பந்தம், விடக்கூடாது" என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?

பதில்: மகளே, நிலத்தை விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் நீயே சொல். ஜெபித்துத் தொடங்கிய ஒரு காரியத்தில் பிறகு பொய் நுழைந்தால், அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. "கேட்கவில்லை" என்று சபையார் முன்னால் சொல்லிவிட்டுத் தரகர் வழியாகக் கேட்பது, வெளிப்படையாகக் கேட்பதைவிட மோசமானது.

வேதத்தில் திருமணத்துக்காகக் கொடுத்தவர்கள் யார் என்று பார். ஆதியாகமம் 24-இல் ஆபிரகாமின் ஊழியக்காரன் பொன்னும் வெள்ளியும் வஸ்திரங்களும் ரெபெக்காளுக்குக் கொடுத்தான். அவளுடைய வீட்டாருக்கும் உச்சிதங்களைக் கொடுத்தான். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் மாமனார் வீட்டில் உழைத்தான். ஏமாற்றப்பட்டபின் மேலும் ஏழு வருஷம் உழைத்தான். மகளுக்குத் தகப்பன் கொடுத்ததும் உண்டு: காலேப் தன் மகள் அக்சாள் கேட்டபோது நீரூற்றுகளையும் சேர்த்து நிலம் கொடுத்தான். ஆனால் அது அவள் கேட்டது, அவளுக்குக் கிடைத்தது. மாமனார் வீட்டார் பட்டியல் போட்டு வாங்கியது அன்று. எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளும் மோசேயின் முன் நின்று தகப்பனுடைய சுதந்தரத்தைக் கேட்டபோது, அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே தீர்ப்பளித்தார்.

நம் குடும்பங்களில் நடப்பது நேர்மாறானது. ரொக்கமும் நகையும் "உன் பங்கு" என்று சொல்லிக் கொடுக்கப்பட்டு, மறுநாளே மாப்பிள்ளை வீட்டுப் பீரோவுக்குள் போய்விடுகின்றன. பின்னால் பாகப்பிரிவினை வரும்போது "உனக்குத்தான் அன்றே கொடுத்தாகிவிட்டதே" என்று அண்ணன்மார் சொல்கிறார்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி, கிறிஸ்தவத் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்த உரிமையைப் பெற்றுத்தர மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு 1986-இல் வந்தது. அந்தத் தீர்ப்பைச் சபைக்கு எதிரானது என்று பேசியவர்கள் எண்ணாகமத்தை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வாங்குவதை மட்டுமன்றிக் கொடுப்பதையும் குற்றமாக்குகிறது என்பதை அப்பாவிடம் சொல். உன் ஆயரையும் சபை மூப்பர் ஒருவரையும் அழைத்து, இரு வீட்டாரையும் உட்காரவைத்து, தரகர் சொன்னதை அவர்கள் முகத்துக்கு நேராகக் கேளுங்கள். மாப்பிள்ளை அப்போது வாய் திறக்கிறாரா என்று கவனி. தாய் தகப்பனுக்குப் பயந்து வரதட்சணை விஷயத்தில் மௌனமாக இருப்பவர், நாளை உனக்காக எதில் பேசுவார்? நிச்சயதார்த்தத்தை முறிப்பது அவமானம் என்பார்கள். அவமானம்தான், ஆனால் அது கேட்டவர்களுடையது.

கேள்வி: ஆன்ட்டி, என்னோடு பொறியியல் படித்த இந்துப் பையனை விரும்புகிறேன். மிகவும் நல்லவன். எனக்காக ஞானஸ்நானம் எடுக்கத் தயார் என்கிறான். இதில் என்ன தவறு?

பதில்: அவன் நல்லவன் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. அவனைப் பற்றியோ அவன் குடும்பத்தின் நம்பிக்கையைப் பற்றியோ இழிவாகப் பேசும் எவரையும் நீ கேட்க வேண்டியதில்லை. ஆனால் "எனக்காக" என்ற அந்த நிபந்தனையில்தான் தவறு இருக்கிறது. உனக்காக எடுக்கும் ஞானஸ்நானம் உன்னை வணங்குவதாகும். உங்களுக்குள் முதல் பெரிய சண்டை வரும்வரைதான் அது நிற்கும்.

அவிசுவாசியோடு ஒரே நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்று 2 கொரிந்தியர் 6:14 சொல்கிறது. மறுமணம் செய்ய விரும்பும் விதவைக்கு 1 கொரிந்தியர் 7:39 இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறது: தனக்கு இஷ்டமானவனை மணக்கலாம், ஆனால் அவன் கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும். முதல் பாதியைப் பெற்றோர் மறக்கிறார்கள், இரண்டாம் பாதியைப் பிள்ளைகள் மறக்கிறார்கள்.

சட்டப்படி வழி உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே திருமணத்தை அனுமதிக்கிறது. 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டமும் இருக்கிறது. சட்டம் அனுமதிப்பது வேறு, விசுவாசத்துக்கு உகந்தது வேறு. அவனுக்கு உண்மையாகவே கிறிஸ்துவைப் பற்றி அறிய விருப்பம் இருந்தால், நீ விலகி நிற்கும் காலத்திலும் அது இருக்கும்.

நம் நாட்டுத் திருச்சபையின் பழைய வழி இதைவிடக் கண்டிப்பானது. தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவையான கிளாரிந்தா ஞானஸ்நானம் கேட்டபோது, அவர் ஓர் ஆங்கில அதிகாரியோடு திருமணமில்லாமல் வாழ்ந்துவந்ததால் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார்; அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல்தான் கொடுத்தார். காத்திருந்த அந்தப் பெண்தான் பின்னர் பாளையங்கோட்டையில் ஆலயம் கட்டினார். காத்திருப்பதால் உண்மையான விசுவாசம் செத்துப்போவதில்லை. ஆனால் அவனுடைய மனமாற்றத்தை உன் திருமணத் தேதியோடு கட்டிவைக்காதே, பிரிந்திருந்தும் அதையே எண்ணிக்கொண்டிராதே.

கேள்வி: நான் விரும்புகிறவர் மறுபடி பிறந்த விசுவாசி, எங்கள் சபையிலேயே பாடகர் குழுவில் இருக்கிறார். வேறு சாதி என்பதால் என் பெற்றோர் மறுக்கிறார்கள். பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வேதம் சொல்கிறதே அக்கா?

பதில்: "கர்த்தருக்குள்" கீழ்ப்படியுங்கள் என்றுதான் எபேசியர் 6:1 சொல்கிறது. சாதி கர்த்தருக்குள் இல்லை. மோசே எத்தியோப்பிய தேசத்துப் பெண்ணை மணந்ததற்காக அவனுக்கு விரோதமாகப் பேசிய மிரியாமுக்குக் குஷ்டம் வந்தது என்று எண்ணாகமம் 12-இல் படிக்கிறோம். அந்த அதிகாரத்தை நம் பிரசங்க பீடங்களில் நான் கேட்டது மிகக் குறைவு. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்காமல் சபையைவிட்டு விலகிப் போனவர்கள் பலர். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மணமக்கள் விளம்பரத்தில் "கிறிஸ்தவ" என்ற சொல்லுக்கு அடுத்தே சாதிப் பெயர் அச்சாகிறது. அவிசுவாசியை மணக்காதே என்று பெண்ணிடம் கண்டிப்புக் காட்டும் அதே பெற்றோர், விசுவாசியே வந்து நிற்கும்போது சாதியைக் கேட்டால், அவர்கள் காக்க விரும்பியது விசுவாசத்தை அன்று.

இருந்தாலும் ஓடிப்போக வேண்டாம். உனக்குப் பாதுகாப்பு இருக்கும்வரை பொறுமையாகப் பேசு, ஆயரைப் பேசவை, கொஞ்சக் காலம் கொடு. ரெபெக்காளின் வீட்டார் கூட, "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்" என்றுதான் சொன்னார்கள், கேட்காமல் அனுப்பவில்லை. வேறொருவருக்கு உன்னைக் கட்டாயமாக மணமுடிக்க முயன்றாலோ, வீட்டில் அடைத்துவைத்தாலோ, மிரட்டினாலோ, அது பொறுமையின் எல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கத் தயங்காதே.

கேள்வி: என் அக்காவை அவள் கணவர் அடிக்கிறார். போதகரிடம் போனபோது, "தேவன் விவாகரத்தை வெறுக்கிறார், சகித்துக்கொண்டு ஜெபம் பண்ணு" என்றார். அக்கா திரும்பிப் போய்விட்டாள். சென்ற மாதம் அவள் கையை உடைத்துவிட்டார்.

பதில்: உன் அக்கா இன்றே அந்த வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

அந்தப் போதகர் காட்டிய வசனம் மல்கியா 2:16. அதே வசனம் கொடுமையையும் சேர்த்தே கண்டிக்கிறது. இரண்டு வசனம் முன்னால் போய், கர்த்தர் யாரோடு வழக்காடுகிறார் என்று பார்: தன் இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்த புருஷனோடு. மனைவியின்மேல் குற்றம் சாட்டும் ஒரு சொல்லும் அங்கே இல்லை. குடும்பத் தலைமை உண்டு என்று நம்புகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்: கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல் புருஷன் செய்ய வேண்டும் என்பதுதான் எபேசியர் 5:25-இன் தலைமை. கையை உடைக்கிறவன் தலைமை செய்யவில்லை, அடியாள் வேலை செய்கிறான்.

கீழ்ப்படிதல் என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது என்று சொல்கிறவர்கள் 1 சாமுவேல் 25-ஐப் படிக்கட்டும். நாபாலின் முரட்டுத்தனத்தால் வீடே அழிய இருந்தபோது, அபிகாயில் புருஷனிடம் சொல்லாமல் கழுதைகள்மேல் அப்பமும் திராட்சரசமும் ஏற்றிக்கொண்டு தாவீதைச் சந்திக்கப் போனாள். தாவீது அவளுடைய யோசனையைப் புகழ்ந்தான். மனைவி பிரிந்துபோனால் விவாகமில்லாதிருக்கட்டும், அல்லது ஒப்புரவாகட்டும் என்று 1 கொரிந்தியர் 7:11 சொல்கிறது. ஆகவே பிரிந்திருப்பது பவுலே எண்ணிப்பார்த்த ஒரு நிலை. விவாகரத்தைப் பற்றி நான் எளிதாகப் பேசுகிறவள் அல்லள். ஆனால் அடிக்கும் கணவனை உண்மையான மனந்திரும்புதலுக்குக் கொண்டுவரச் சில வேளைகளில் பிரிவும் காவல்துறையும்தான் வழி. மனைவி மறுபடி மறுபடி திரும்பிப் போவதால் அது நடப்பதில்லை.

நடைமுறைக்கு வருவோம். எலும்பு முறிவுக்கு எடுத்த எக்ஸ்ரேயும் மருத்துவச் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுத்தால், பாதுகாப்பு ஆணையும் குடியிருக்கும் உரிமையும் நீதிமன்றத்தில் கேட்கலாம். 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில், 2001 திருத்தம் வரும்வரை கிறிஸ்தவ மனைவிக்குக் கொடுமை மட்டும் தனிக் காரணமாகப் போதாது, விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது கொடுமை தனிக் காரணம். விவாகரத்து வேண்டாம் என்றால் நீதிமன்றப் பிரிவு மட்டும் கேட்கவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. மனச்சாட்சி உறுத்தும் பெண்களுக்கு அதை நான் முதலில் சொல்வேன். அந்தக் கணவரைச் சபை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தித் திருவிருந்திலிருந்து விலக்க வேண்டும் என்று மூப்பர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பெண்பிள்ளையின் உடையைக் கண்டிக்க நேரம் கிடைக்கும் சபைக்கு இதற்கும் நேரம் கிடைக்க வேண்டும்.

கேள்வி: பதினாறு வயது. வாலிபர் கூட்டத்தை நடத்தும் அண்ணன் என்னிடம் படம் கேட்டு வாங்கிவிட்டு, இப்போது மிரட்டுகிறார். சொன்னால் ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்கிறார்.

பதில்: செல்லமே, குற்றம் அவனுடையது. இன்று இரவே அம்மாவிடமோ, நீ நம்பும் ஆசிரியையிடமோ சொல், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழை. செய்திகளை அழிக்காதே, அவை சாட்சி. இன்னொரு படமும் அனுப்பாதே, பணமும் கொடுக்காதே. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்பதால் இது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-இன் போக்சோ சட்டத்துக்குள் வருகிறது. தெரிந்த பெரியவர்கள் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்தால் அவர்களும் குற்றவாளிகள். சபைக்குள்ளேயே பேசி முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் மூப்பராக இருந்தாலும் கேட்க வேண்டாம். ஊழியத்துக்குக் கெட்ட பெயரைக் கொண்டுவந்தவன் அவன், நீ இல்லை.

கேள்வி: முப்பத்தொரு வயதாகியும் திருமணமாகவில்லை. சபையில் எல்லோரும் எனக்காக "பாரத்தோடு" ஜெபிக்கிறார்கள். கூசுகிறது.

பதில்: கூசத்தான் செய்யும். பவுல் திருமணமில்லாத நிலையைக் குறை என்று சொல்லவில்லை, வரம் என்றார். டோனாவூரில் 1901 முதல் ஏராளமான பிள்ளைகளை வளர்த்து, 1951-இல் அங்கேயே அடக்கமான ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்குத் திருமணமாகவில்லை; நம் சபையார் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள், ஆனால் தங்கள் சபையில் உட்கார்ந்திருக்கும் மணமாகாத பெண்ணிடம் மட்டும் பரிதாபப்படுகிறார்கள். திருமணத்தை விரும்புவதும் பாவம் இல்லை. அடுத்த முறை ஜெபக் குறிப்புக் கேட்டால், உன் வேலைக்காக ஜெபிக்கச் சொல்.

கேள்வி: பெண்கள் பிரசங்கம் செய்யலாமா? நகை அணியலாமா?

பதில்: ஆயர் பட்டம் பற்றி, உபதேசம்பண்ணப் பெண்ணுக்கு உத்தரவு இல்லை என்னும் 1 தீமோத்தேயு 2:12-ஐ நான் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறேன். தென்னிந்தியத் திருச்சபை 2013-இல் புஷ்ப லலிதாவைப் பேராயராக அபிஷேகம் செய்தது. அதை ஏற்பவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதே வேதத்தில் பிரிஸ்கில்லாள் தன் கணவனோடு சேர்ந்து பிரசங்கியான அப்பொல்லோவுக்கே தேவனுடைய வழியை விளக்கிக் காட்டினாள். ஆகவே படி, கற்றுக்கொடு. நகை உன் சபையின் ஒழுங்கைப் பொறுத்தது. நகை போடாத சபைகளில் பட்டுப்புடவையின் விலை பேசப்படுவதையும் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: மாதவிடாய் நாட்களில் திருவிருந்தில் பங்குபெறக் கூடாது என்கிறார் பாட்டி. உண்மையா?

பதில்: இல்லை. லேவியராகமம் 15-ஐக் காட்டுவார்கள். அந்த அதிகாரம் ஆண்களின் தீட்டையும் பேசுகிறது, அதற்காக எந்த ஆணும் திருவிருந்தை விட்டதாக நான் கேள்விப்படவில்லை. பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்த பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டபோது, அவர் அவளைக் கடிந்துகொள்ளாமல் "மகளே" என்று அழைத்தார். பாட்டியோடு வாதாட வேண்டாம். மாற்கு 5-ஐ அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் போய்ப் பங்குபெறு.