அப்பா ஜெபத்தை மறந்தால் விசுவாசமும் போய்விடுமா?

சகோதரி, ஞாபக மறதி நோயால் அப்பா குடும்ப ஜெபத்தையே மறந்துவிட்டார், அவருடைய விசுவாசம் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் பயம் இல்லை. வேதத்தில் மீட்பு தொடங்குவது தேவன் நினைப்பதில்தான். பேழைக்குள் இருந்த நோவாவை அவர் நினைத்தருளினார் என்கிறது ஆதியாகமம் 8:1. தாய் மறந்தாலும் நான் மறப்பதில்லை என்கிறார் ஏசாயா 49:15-இல். அப்பா எழுத வேண்டிய பரீட்சை எதுவும் இல்லை.

"நான் யார், சொல்லுங்கள்" என்று மட்டும் அவரைச் சோதிக்காதீர்கள். பாவம், அது அவரைக் கலங்கடிக்கும். சின்ன வயதில் பாடிய பாட்டு பலருக்குக் கடைசிவரை தங்கும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று 23-ஆம் சங்கீதத்தை மெதுவாகத் தொடங்கிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அடுத்த வரிக்கு உதடு அசையலாம். அசையாவிட்டாலும் சரி, நீங்களே முடித்துவிடுங்கள்.

அப்புறம், பிள்ளைகளுக்குக் குடும்பக் கதையை யார் சொல்வது என்றீர்களே, இனி நீங்கள்தான். இளம் ஊழியரான தீமோத்தேயுவின் விசுவாசம் அவருடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். தாத்தாவின் குடி, சொத்துச் சண்டை எதையும் மறைக்க வேண்டாம். 78-ஆம் சங்கீதம் முன்னோரின் முரட்டாட்டத்தையும் சேர்த்தே சொல்கிறது. பழைய வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானத் தேதிகள் இருந்தால் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத புகைப்படங்களை அத்தை, சித்தப்பாவிடம் காட்டி, பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.