தொட்டிச் செடி கேள்வி-பதில்: கிழிந்த இலை, உப்புத் தண்ணீர், பாட்டில் கொசு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: ஒரு படம், கூடவே "இது என்ன செடி, ஏன் இப்படி ஆகிறது?" என்று ஒரு வரி. படம் அனுப்புகிறவர்கள் இலையை மட்டும் எடுக்காமல், காம்பு தண்டில் சேருகிற இடத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். செடியின் அடையாளம் பாதி அங்கேதான் இருக்கிறது. அப்புறம், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றும் எழுதுங்கள்: மெட்ரோ வாட்டரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா. வட சென்னையில் அது தெருவுக்குத் தெரு மாறுகிறது. நோய் என்று எழுதி வருவதில் பல, கடைசியில் தண்ணீரில்தான் போய் முடிகின்றன.

ஒரே கடையில் இரண்டு கொடி வாங்கினேன். ஒன்று மணி பிளான்ட், இன்னொன்று பிலோடென்ட்ரான் என்றார்கள். இரண்டும் பச்சை, இரண்டும் இதய வடிவம், இரண்டாவதுக்கு மட்டும் இரட்டை விலை. ஏமாந்துவிட்டேனா? (தண்டையார்பேட்டை)

இல்லை, உங்கள் இரண்டாவது படத்தில் இருப்பது பிலோடென்ட்ரான்தான். அடுத்த தடவை கடையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். கொடியின் நுனியைப் பாருங்கள். பிலோடென்ட்ரானில் புதுத் தளிர் ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வரும். இலை விரிந்த பிறகு அந்த உறை பழுப்பாகக் காய்ந்து, கொஞ்ச நாள் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்து உதிரும். மணி பிளான்ட்டில் அப்படி ஒரு உறை கிடையாது. முந்தின இலையின் காம்போரத்திலிருந்தே புது இலை சுருளாக வந்து பிரியும்.

இன்னும் சந்தேகம் என்றால் காம்பின் மேல்பக்கத்தை நகத்தால் தடவுங்கள். மணி பிளான்ட்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தட்டுப்படும். மற்றதில் காம்பு அநேகமாக உருண்டையாக இருக்கும். கணுவில் வரும் வேரும் வேறு: மணி பிளான்ட்டுக்குத் தடித்த முண்டாக ஒன்று, பிலோடென்ட்ரானுக்கு மெல்லிசாகச் சில. வளர்ப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஜன்னலோர வெளிச்சம் போதும், நேர்வெயில் வேண்டாம். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள்.

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தில் ஒரு கொடி ஏறியிருக்கிறது. இலை முறம் அகலம், ஓரமெல்லாம் கிழிந்த மாதிரி. மான்ஸ்டெரா, நல்ல விலைக்குப் போகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வெட்டி விற்கலாமா? (பெரம்பூர்)

தாராளமாக வெட்டலாம், மான்ஸ்டெரா என்று சொல்லி விற்க முடியாது. அது நம் மணி பிளான்ட்டேதான். தொட்டியில் தொங்கும்போது உள்ளங்கை அளவு இலை விடுகிற இந்தக் கொடி, பிடித்து ஏற மரம் கிடைத்தால் ஆளே மாறிவிடும். இலை ஒரு மீட்டர் நீளம்கூடப் போகும், ஓரத்திலிருந்து நடுநரம்பு நோக்கிப் பிளவு விழும். உங்கள் படத்தில் இலை முழுக்க மஞ்சள் தெறிப்பு தெரிகிறதே, அது ஒன்றே போதும். மான்ஸ்டெராவில் பிளவோடு நடுநரம்பை ஒட்டி ஓட்டைகளும் இருக்கும். வளர்ந்த இலையின் காம்பு முடிகிற இடத்தில் சுருக்கம் விழுந்த மாதிரி ஒரு முட்டியும் தெரியும்.

அந்தப் பெரிய இலைத் துண்டை வெட்டித் தொட்டியில் நட்டுத் தொங்கவிட்டால், அடுத்தடுத்த இலைகள் சின்னதாகிவிடும். பெரிய இலை வேண்டுமென்றால் தென்னைநார் சுற்றிய கம்பம் நட்டு ஏற்றுங்கள், நாரை ஈரமாக வைத்திருங்கள்.

இது பூக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற ஊக்கியை இந்தச் செடி சரியாக உண்டாக்குவதில்லை, மரபணுவிலேயே கோளாறு. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல். வேப்பமரத்தின் உச்சிவரை மட்டும் விட்டுவிடாதீர்கள், கிளையை மூடிவிடும்.

அரிக்கா பாம் இலை நுனியெல்லாம் கருகுகிறது. வெயில் இல்லை, பூச்சி இல்லை. வீணாக்க வேண்டாமே என்று ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே வரும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். உரம் போடலாமா? (ராயபுரம்)

உரம் வேண்டாம், அதிலும் உப்புதான் இருக்கிறது. கேள்விக்குள்ளேயே விடை வந்துவிட்டது: அந்த வேஸ்ட் தண்ணீர். மெஷின் நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்துக்கொண்டு, குழாயில் வந்த உப்பில் பெரும்பங்கை மிச்சத் தண்ணீரில் தள்ளிவிடுகிறது. அதைத் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, பாத்திரம் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு வேண்டாம்.

நடப்பது இதுதான். வேர் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பில் பெரும்பங்கு மண்ணிலேயே நின்றுவிடும். அடுத்த நாள் ஊற்றும்போது அதன் மேல் இன்னும் கொஞ்சம். உள்ளே போகிற உப்பும் இலை நுனிவரை போய் அங்கே தேங்கும், ஏனென்றால் நுனியில் நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. அதனால்தான் நுனி முதலில் கருகி, ஓரமாக இறங்குகிறது. மண்தொட்டியாக இருந்தால் வெளிப்புறம் பாருங்கள், சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை படிந்திருக்கும். விரலில் தொட்டால் மாவாக வரும்.

நம் பக்கம் இது சாதாரணமாகவே இருக்கிற தொல்லை. மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை இழுத்து இழுத்து, கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே ஏறிவிட்டது. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-ல் வந்தது நமக்காகத்தான். ஆகவே செடிக்கு மெட்ரோ வாட்டர் கிடைத்தால் அதுவே மேல். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு விற்கிறது, ஒன்று வாங்கிவைக்கலாம். 300-க்குள் காட்டினால் கவலை இல்லை, 1000-ஐத் தாண்டினால் உள்வீட்டுச் செடிகளில் பலவும் முகம் வாடும்.

ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர்? அருமையான தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பே இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கே வாளியில் நன்றாகச் சேரும். ஊட்டமும் அதில் இல்லை, அதனால் மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியிலிருந்து முழுக்க வடிய விடுங்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மொட்டைமாடியில் வைத்தால் இந்த வேலையை மழையே செய்துவிடும். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. கத்தரிக்கோலால் கூராக வெட்டிவிடுங்கள், பச்சைப் பகுதியில் கத்தரி படாமல் நூலளவு பழுப்பை விட்டு வெட்டினால் கருகல் உள்ளே இறங்காது. கோகோபீட் (தென்னைநார்த் தூள்) கலவையில் நட்டிருந்தால் அதிலும் உப்பு இருக்க வாய்ப்புண்டு. புதுக் கட்டி வாங்கும்போது ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்து அலசிய பிறகு பயன்படுத்துங்கள்.

பேரன் ஒரு தொட்டிச் செடி இலையைக் கடித்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதான், வாயெல்லாம் எரிச்சல். இப்போது சரியாகிவிட்டது. இது அக்லோனிமா என்று கொடுத்தார்கள். விஷமா? (கொடுங்கையூர்)

அம்மா, படத்தில் இருப்பது அக்லோனிமா இல்லை, டைஃபன்பேக்கியா. இரண்டுக்கும் பச்சையில் வெள்ளைத் தீற்றல் இருப்பதால் கடைகளில் கலந்து விற்கிறார்கள். டைஃபன்பேக்கியாவின் தண்டு கட்டைவிரல் தடிமனுக்கு மேலே போகும், இலை உதிர்ந்த தழும்பு வளையம் வளையமாகத் தெரியும். இலையும் பெரிது, நடுநரம்பு புடைத்திருக்கும். அக்லோனிமா குட்டையாக, அடியிலிருந்தே கொத்தாக வரும், இலை ஒடுங்கித் தடித்திருக்கும்.

கருணைக்கிழங்கும் சேம்பும் நாக்கை அரிக்கிறதே, இதுவும் அந்தக் குடும்பம்தான். கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இலையிலும் தண்டிலும் இருக்கிறது, கடித்ததும் வாயில் குத்தும். கிழங்கையாவது புளி சேர்த்து வேகவைத்துத் தின்கிறோம், குழந்தை பச்சையாகவே கடித்துவிட்டது. மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், அக்லோனிமா, பீஸ் லில்லி, இசட் இசட் எல்லாமே இந்தக் குடும்பம், எல்லாவற்றிலும் இந்த ஊசி உண்டு. டைஃபன்பேக்கியாவில் வீரியம் அதிகம்.

மறுபடி நடந்தால்: வாயில் மிச்சம் இருக்கும் துண்டை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், வாய் கொப்பளிக்க வையுங்கள், குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாக்கு வீங்கினாலும், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலும், மூச்சு இழுத்தாலும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாறு கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தவழ்கிற, தத்தி நடக்கிற பிள்ளை இருக்கும்வரை அந்தத் தொட்டி யாருக்காவது போகட்டும். உயரத்தில் வைப்பது பாதி பாதுகாப்புதான், இலை கீழேயும் விழுமே.

இசட் இசட் செடிக்குத் தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் மஞ்சளாகிறது. (கொளத்தூர்)

ஊற்றுவதால்தான். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்துத் தண்ணீர் சேமிக்கிற செடி அது. பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா, மாதக்கணக்கில் மழை இல்லாததைப் பார்த்தது. பிடுங்கிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் பிழைக்கும், கொழகொழவென்று நாறினால் அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்த மண்ணில் நடுங்கள். அப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் போதும்.

கொசுப்புழு இருக்கிறது என்று மாநகராட்சி ஊழியர் என் மணி பிளான்ட் பாட்டில்களைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டுப் போனார். சுத்தமான தண்ணீரில்தானே வைத்திருக்கிறேன்? (பழைய வண்ணாரப்பேட்டை)

அவர் சொன்னது சரி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, உங்கள் பாட்டில் மாதிரி சுத்தமாகத் தேங்கிய தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். எனவே வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது. முட்டை பாட்டிலின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பாட்டில் கழுவுகிற பிரஷ் போட்டு உரசிக் கழுவுங்கள். வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டால் கொசு உள்ளே போகாது. லக்கி பாம்பூ ஜாடிக்கும் இதே கதை. அது மூங்கிலும் இல்லை, டிரசீனா. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றி அரை மணியில் அதைக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் மணல் நிரப்பி வையுங்கள்.

ஃபேக்டரிப் புகைக்குப் படுக்கையறையில் ஸ்நேக் பிளான்ட் வைத்தால் காற்று சுத்தமாகும், ராத்திரியில் ஆக்சிஜன் தரும் என்கிறார்களே? (மணலி)

அழகுக்கு வையுங்கள், புகைக்கு நம்பாதீர்கள். இந்தப் பேச்சுக்கெல்லாம் வேர் 1989-ல் நாசா செய்த ஆய்வு. அது மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. வீட்டில் ஜன்னலும் கதவிடுக்குமே அதைவிட வேகமாகக் காற்றை மாற்றிவிடும். 2019-ல் வந்த மறுஆய்வு, அந்த அளவுக்குச் செடி வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்று கணக்குப் போட்டது. பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்தபட்சம் தொண்ணூறு தொட்டி! அப்புறம் நீங்கள் எங்கே படுப்பது? ராத்திரியில் அந்தச் செடி இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை இழுத்து வைத்துக்கொள்கிறது, அது உண்மை. ஆக்சிஜன் உண்டாவது வெளிச்சத்தில்தான்.

உங்கள் பக்கம் செடி நம்மைக் காப்பதைவிட நாம் செடியைத் துடைக்க வேண்டியிருக்கிறது. இலையில் படியும் கறுப்புத் தூசி வெளிச்சத்தை மறைக்கும். ஒரு கையால் இலையை அடியில் தாங்கிக்கொண்டு, ஈரப் பருத்தித் துணியால் வாரம் ஒரு தடவை துடையுங்கள். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் நிறைய. தடவினால் தூசி இன்னும் அப்பிக்கொள்ளும்.

ஸ்நேக் பிளான்ட் இலையைத் துண்டு போட்டு நட்டேன். குட்டி வந்தது, ஆனால் மஞ்சள் கரை இல்லை. (வியாசர்பாடி)

வராது. மஞ்சள் ஓரம் இலையின் ஒரு படலத்தில் மட்டும் இருக்கிற குணம். துண்டிலிருந்து முளைக்கும் குட்டி உள்ளே இருக்கும் பச்சைத் திசுவிலிருந்து கிளம்புகிறது. கரை வேண்டுமென்றால் தாய்ச்செடியின் அடிக்கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள்.

இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு, கூடவே எறும்பு. எறும்பு மருந்து போடலாமா? (திருவொற்றியூர்)

பஞ்சு மாவுப்பூச்சி. அது கழிக்கும் இனிப்புச் சாறுக்காக எறும்பு வருகிறது, பூச்சிக்குக் காவலும் நிற்கிறது. பூச்சியை ஒழித்தால் எறும்பும் போய்விடும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம். தொட்டி விளிம்பின் உட்புறத்தையும் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்கிறாள் என் மாமியார். உண்மையா சார்? (காசிமேடு)

திருடும் அவசரத்தில் பலர் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வருகிறார்கள். வெறும் இலை தண்ணீரில் வேர் விட்டாலும், கொடியாக ஓடாது, அப்படியே நிற்கும். கொடி வருவது கணுவிலிருந்து. பக்கத்து வீட்டில் கேட்டே வாங்குங்கள், கணு இரண்டு இருக்கிற துண்டாக.