'ஹாலலூயா' பாடலில் எந்தப் பதிப்பைப் பின்பற்றுவது?

கேள்வி: சமூக மன்ற நிகழ்ச்சியில் கிட்டார், கீபோர்டுடன் பாடப் போகிறோம். ஆளுக்கொரு பதிப்பு சொல்கிறார்கள். எதை எடுப்பது?

ஜெஃப் பக்லியின் 1994 பதிப்பை எடுங்கள். ஒரு கிட்டாரும் குரலும் போதும். பெரும்பாலானோர் காதில் இருப்பதும் அதுதான். லியனார்ட் கோஹன் 1984இல் பாடிய மூலத்தில் கோரஸ் குரல்கள் கனமாக ஒலிக்கும். 1991இல் ஜான் கேல் வேறு சில சரணங்களைச் சேர்த்துப் பியானோவோடு பாடினார். பக்லி பின்பற்றியது அவரைத்தான். சரணங்கள் ஆளுக்காள் மாறுவது இதனால்தான். ஒரே பதிப்பின் வரிகளை எல்லாரும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரில் ஐந்தாம் ஃபிரெட்டில் (கட்டத்தில்) கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி; ஜி வடிவ கார்டுகள் (சுரக்கூட்டுகள்). ஒலிப்பது சி மேஜர். சுருதி எட்டாவிட்டால் கேப்போவை இரண்டுக்கு இறக்குங்கள், ஏ மேஜர் கிடைக்கும். கீபோர்டுக்காரரும் கூடவே இறங்க வேண்டும்!

தாளம் 6/8. நான்கு நான்காகத் தட்டினால் பாட்டின் ஏக்கமே போய்விடும். அடுத்து, பல்லவி வார்த்தைக்குச் சற்று முன் வரும் ஈ7 கார்டு. (கிட்டாரில் அது பி7 வடிவம்.) பலர் பழக்கத்தில் ஈ மைனர் வாசித்துவிடுகிறார்கள். அங்கே ஈ7இல் உள்ள ஜி ஷார்ப் சுரம் கேட்டால்தான் அடுத்த ஏ மைனரில் மனம் கனக்கும். அந்த இடத்தை மட்டும் தனியாக ஒத்திகை பாருங்கள்.

பெயரைப் பார்த்துத் தேவாலயத் திருமணத்துக்கும் இதைக் கேட்பார்கள். சரணங்கள் பேசுவது முறிந்த காதலை, அங்கே வேண்டாம். பொது மேடை என்பதால் கம்பாஸ் (சிங்கப்பூரின் இசைக் காப்புரிமை அமைப்பு) உரிமம் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.